எங்கள் சந்தேகத்துக்கெல்லாம் ஈடுகொடுத்த நல அலுவலர் நஞ்சுண்டசாமி அவர்களுக்கு

கோபத்தோடு வந்தவர்களைக் குரல் உயர்த்தாமல் கேட்டவரே, பகையோடு வந்தவர்களைப் பக்கத்தில் அமர்த்திப் பேசவைத்தவரே, பதினொரு ஆண்டுகள் எங்கள் நூற்பாலையின் தொழிலாளர் நல அலுவலராகப் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் பெருந்தகையே, வணக்கம்!

புகழ்ந்து மட்டும் எழுதினால் நீங்களே நம்பமாட்டீர்கள். ஆகவே உண்மையைச் சொல்லிவிடுகிறோம். நாங்கள் உங்களை நம்பவில்லை. நீங்கள் சிரித்தால் நிர்வாகம் எதையோ மறைக்கிறது என்றோம். சிரிக்காவிட்டால் யாருக்கோ வேலை போகப்போகிறது என்றோம். மாலையில் உங்கள் ஸ்கூட்டர் முதலாளி குடியிருக்கும் விஜயநகர்ப் பக்கம் திரும்புவதைப் பார்த்து, கோள் சொல்லத்தான் போகிறீர்கள் என்று முடிவு கட்டினோம். உங்கள் வீடும் அங்கேதான் என்பது நான்கு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

மார்டள்ளி ஊர்க்காரரான தொழிலாளி ஜடையன் விஷயத்தை அவர் சம்மதத்தோடுதான் இங்கே சொல்கிறோம். மேஸ்திரி மாரிசாமி எல்லார் முன்பும் சோம்பேறி என்று திட்டிய பிறகு, இரண்டு மாதம் தூக்கமில்லாமல், ராஜினாமாக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே அவர் வேலை பார்த்தார். நீங்கள் இருவரையும் அழைத்தபோது, ‘மனநிலை சரியில்லை’ என்று எழுதி ஜடையனை வீட்டுக்கு அனுப்பத்தான் என்று பயந்து சாட்சிக்கு ஓர் ஆளையும் கூட அனுப்பினோம். அந்தச் சாட்சி, இம்மடலை எழுதும் அய்யாவு. நீங்கள் கொடுத்த டீயைக்கூட நான் தொடவில்லை.

நீங்கள் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. அதையும் சந்தேகப்பட்டேன். “மொதல்ல அவரோட மனக்குறையை அவருக்காக நீங்க சொல்லுங்க மாரிசாமி. அவர் ஆமான்னு ஒத்துக்கிட்ட அப்புறம் உங்களுதைச் சொல்லலாம்” என்றீர்கள். மூன்று முறை சொல்லியும் ஜடையன் தலையாட்டவில்லை. நான்காம் முறை மாரிசாமி, “அத்தனை பேரு முன்னால நான் பேசுனது, வீட்டுக்குப் போயும் இவனுக்குக் காதுல கேட்டுட்டே இருக்குதுங்க” என்றார். “ஆமாங்க, அதுதானுங்க” என்று ஜடையன் அழுதுவிட்டார். பிறகு, ஆள் குறைந்த ஷிப்டை ஓட்டும் மாரிசாமியின் கஷ்டத்தை ஜடையன் சொன்னார். ராஜினாமாக் கடிதம் அன்றே கிழிந்தது. அந்த அறையில் பேசியதில் ஒரு வார்த்தையாவது மேலிடத்துக்குப் போகிறதா என்று மாதக்கணக்கில் காத்திருந்து பார்த்தோம். போகவில்லை.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம் மிச்சமிருக்கிறது. எங்கள் மீது மனக்குறை உண்டா என்று போன வாரம் கேட்டதற்கு, “ஒண்ணும் இல்லப்பா” என்றீர்கள். இதை நாங்கள் நம்பவில்லை. அதனால் அன்று மாரிசாமி சொன்னதுபோல, உங்கள் மனக்குறையை நாங்களே சொல்கிறோம்.

கேன்டீனில் நீங்கள் தட்டோடு வந்து உட்கார்ந்தால் எங்கள் மேசையில் பேச்சு நின்றுவிடும். நீங்கள் அவசரமாகச் சாப்பிட்டு எழுந்துகொள்வீர்கள். மூன்றாம் வருடத்திலிருந்து கேன்டீனுக்கு வருவதையே விட்டுவிட்டீர்கள். எல்லார் மனப்பாரத்தையும் கேட்ட நீங்கள் ஒன்பது வருடம் தனியாகச் சாப்பிட்டீர்கள். அது உங்களுக்கு வலித்தது. அதைச் செய்தவர்கள் நாங்கள்.

துணைவியாரோடும் மக்களோடும் உடல்நலமும் மனநிறைவும் பெற்று நீங்கள் நூறாண்டு வாழ வேண்டும். இம்மடலுக்கு இன்னும் கண்ணாடிச் சட்டம் போடவில்லை. ஐயா, நாங்கள் சொன்னது சரிதானா? நீங்கள் ஆமாம் என்று சொல்லும்வரை திருத்தித் திருத்தி எழுதக் காத்திருக்கிறோம்.

மைசூர், 31.5.1997

தங்களோடு உண்ணாமல் போன,
ஆலைத் தொழிலாளர்களும் அலுவலக ஊழியர்களும்