திங்கட்கிழமை வங்கிகளுக்கு மட்டும்

— கதவைச் சாத்திட்டு உட்காரு. வெளியில எல்லாருக்கும் கேக்குது.

— கேக்கட்டும்ணா. நேத்து விட்டீங்களே ஒரு லீவு, அந்தக் கதை ஊருக்கே கேக்கட்டும்.

— அதுல என்ன கதை? நம்ம பசங்க கோப்பையை ஜெயிச்சாங்க. அமைச்சர் குஷியில திங்கட்கிழமை வங்கி விடுமுறைன்னுட்டார். ஆணை எழுதறது என் வேலை, எழுதினேன். விதிப்படி பார்த்தா இதுல நீ கோபப்பட எதுவுமே இல்ல.

— நல்லா இருக்கு. உன் விதியைக் கொஞ்சம் ஓரமா வை. காலையில என் புருஷன் கேஸ் அப்பீல் பேப்பர் கட்டைத் தூக்கிக்கிட்டு கோர்ட்டுக்குப் போனேன். கவுன்ட்டர்ல இருந்தவர் அதைத் தொடக்கூட இல்ல. "நேத்தோட கெடு முடிஞ்சுபோச்சும்மா"ங்கறார். நேத்து லீவாச்சேன்னேன். "லீவு பேங்க்குக்கும்மா. நாங்க சாயங்காலம் வரைக்கும் இங்கதான் ஈ ஓட்டிக்கிட்டிருந்தோம்"னு சிரிக்கிறார்.

— அடடா. உன் வக்கீல் என்ன பண்ணிக்கிட்டிருந்தார்?

— பெண்டாட்டி பிள்ளைங்களோட கடற்கரையில பட்டம் விட்டுக்கிட்டிருந்தார். பேங்க் லீவுன்னா கோர்ட்டும் லீவு, கடைசி நாள் லீவுல விழுந்தா மறுநாள் கொடுக்கலாம். அவர் கறுப்புக் கோட்டு மாட்டின நாள்லேருந்து அப்படித்தானாம்.

— ஆணையைப் படிச்சிருக்கணும்மா. வக்கீலுக்குப் படிக்கத் தெரியாதா?

— உன் ஆணையை எவன்ணா படிக்கிறான்? லீவுன்னு காதுல விழுந்தா போதும், செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடறான்.

— சரி விடு, ஒரு நாள்தானே. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனு போடு.

— இந்த மாதிரி கேஸ்ல அந்தப் பேச்சுக்கே இடமில்லையாம். பாய்லர் வெடிச்சதுக்கும் முதலாளிக்கும் சம்பந்தமில்ல, செத்தவன் கவனமா இல்லாம செத்தான்னு கீழ்க்கோர்ட் சொன்னது இனிமே சொன்னதுதான். என் புருஷன் தன்னைத்தானே கொன்னுக்கிட்டாராம். முடிஞ்சுது.

— அப்படிப் பேசாதே. மாப்பிள்ளை போனதுல எனக்கு மட்டும் சந்தோஷமா? இந்தா, தண்ணி குடி.

— தண்ணி வேணாம், பதில் வேணும். வங்கி விடுமுறைன்னு எழுதினா கீழேயே ரெண்டாவது பத்தி ஒண்ணு வருமே, "நீதிமன்றங்களுக்கும் இது பொருந்தும்"னு. இந்த நாற்காலி கிடைச்சப்ப எங்க வீட்டுக்கு வந்து நீதானே பீத்திக்கிட்டே? "என் பேனா ரெண்டு வரி எழுதினா நீதிபதியே பனியனோட வீட்டுல உட்காரணும்"னு. இந்தத் தடவை அந்தப் பத்தி எங்கே போச்சு?

— அமைச்சர் எடுக்கச் சொன்னார். கோர்ட்டுல கேஸ் மலையாக் குவிஞ்சு கிடக்கு, இவங்களுக்கு லீவு ஒரு கேடான்னார். மேலிடத்து உத்தரவு. நான் என்ன பண்ண?

— அவர் வாயாலேயே சொன்னாரா?

— சந்தேகமா இருந்தா நீயே போய்க் கேளு.

— கேட்டுட்டுத்தான் உள்ளே வந்தேன். அமைச்சரை இல்ல. வெளியில டைப் அடிக்கிறாங்களே, அந்த அம்மாவை. "நான் ரெண்டு பத்தியும் அடிச்சுத்தான் கொடுத்தேன். அமைச்சர் எதையும் படிக்க மாட்டார், நீட்டின இடத்துல கையெழுத்து. சார்தான் சிவப்பு மையால கீழ்ப்பத்தியை அடிச்சுட்டு மறுபடி டைப் பண்ணுன்னார்"னாங்க. பாவம், நான் உனக்கு என்ன வேணும்னுகூட அவங்களுக்குத் தெரியாது.

— டைப் அடிக்கிறவங்க பேச்சை நம்பாதே. விதிப்படி பார்த்தா...

— உன் விதி போதும்ணா. ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுலதானே சாப்பிட்டே? நாளைக்கு லீவாம், அப்பீலைச் செவ்வாய்க்கிழமை போட்டுக்கலாம்னு வக்கீல் சொல்லிட்டார்ணான்னு நான் சொல்றேன். நீ இன்னொரு கரண்டி வைன்னு தட்டை நீட்டினே. நானும் வச்சேனே!

— மெதுவாப் பேசும்மா.

— என்ன விலைக்கு வித்தே என்னை?

— ஒரு காசு வாங்கியிருந்தா இந்தக் கை அழுகிப் போகட்டும்! கேளு, எல்லாத்தையும் சொல்லிடறேன். மாப்பிள்ளை செத்த அன்னிக்கு அந்தப் பாய்லருக்குப் பொறுப்பு என் பையன். அழுத்தம் ஏறினா தானாத் திறந்து ஆவியை வெளியே விடற வால்வு ஒண்ணு இருக்கு. அடிக்கடி திறந்து வேலை நிக்குதுன்னு அதைக் கம்பி போட்டுக் கட்டச் சொன்னவர் முதலாளி. ஆனா கட்டின கை இவனோடது.

— ம்.

— முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பினார். "உன் தங்கச்சி அப்பீலுக்குப் போனா கட்டினவனைக் காட்டிக்கொடுத்துட்டு நான் ஒதுங்கிக்குவேன்"னார். எனக்கு இருக்கிறது ஒரே பிள்ளை. நீ இடுப்புல தூக்கிச் சுமந்த பிள்ளை. அவன் ஜெயிலுக்குப் போறதை நீயாவது பார்த்துக்கிட்டிருப்பியா? போனவர் திரும்பி வரப்போறதில்ல. இருக்கிறவனைக் காப்பாத்தினேன்.

— என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே.

— சொல்லியிருந்தா அப்பீலை விட்டிருப்பியா?

— மாட்டேன்.

— அப்புறம் என்ன? திட்டு, செருப்பைக் கழட்டி அடி. அவன்கிட்ட மட்டும் எதுவும் கேட்டுடாதே. அத்தைக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சுன்னா அவன் உயிரோட இருக்க மாட்டான்.

— வால்வைக் கட்டினது அவன்தான்னு எனக்கு முன்னாடியே தெரியும்ணா.

— எவன் சொன்னான்?

— அவனேதான். போன வாரம் வந்து என் காலைக் கட்டிக்கிட்டு அழுதான். "முதலாளி கட்டச் சொன்னதை நானே கோர்ட்டுல சொல்றேன் அத்தை, அப்பாகிட்ட மட்டும் இப்போதைக்குச் சொல்லாதீங்க"ன்னான். முன்வந்து சாட்சி சொன்னா அவன் மேல கேஸ் போடாம விட்டுடுவாங்கன்னு வக்கீல் அரசுத் தரப்புகிட்ட எழுதி வாங்கற அளவுக்குப் பேசி முடிச்சிருந்தார். அவன் வாக்குமூலம் தயாராகணும்னுதான் கடைசி நாள் வரைக்கும் இழுத்துது. அந்த அப்பீல்தான் உன் பிள்ளை தப்பிக்கிறதுக்கு இருந்த ஒரே வழி. இனிமே அவன் குடுமி ஆயுசுக்கும் முதலாளி கையில.

— என்ன சொல்றே நீ... அவன் இப்ப எங்கே?

— கீழே, வண்டியில. "அப்பா நினைச்சா எப்படியும் சரி பண்ணிடுவார் அத்தை, வாங்க"ன்னு என்னை இங்கே கூட்டிட்டு வந்ததே அவன்தான். மேலே வரச் சொல்லவா, நீயே இறங்கி வந்து சொல்றியா?