மழைக்குப் பின் எழுந்த தடம்

விடிவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அக்புலாக் ஊரைத் தாண்டி மலைக்குள் போகும் ஓடைப் பாதை. இரண்டு பக்கமும் ஊசியிலை மரம், நடுவே பனி... மனுஷ வாடையே கிடையாது. நாள்கணக்கில் கொட்டிய மழை அப்போதுதான் நின்றிருந்தது.

மார்ச் மாத மழை. பனி மேல் பெய்கிற மழை. அதற்குப் பிறகு பனி பனியாக இருக்காது, ஊறிப்போன சோறு மாதிரி ஆகிவிடும். நாளைக்கு மலைமேலே போய்ப் பனியில் சறுக்கியே தீருவேன் என்று குதிக்கிறீர்களே, உங்களைத்தான் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள்.

அந்தப் பாதையில் ஓர் ஆள் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். காலில் சறுக்குக்கட்டை. கையில் நீளக் கம்பு. முதுகில் ஒரு மண்வாரி. பெயர் மெய்ராம். நமக்கு மாவு மூட்டை ஏற்றி வருகிற ஐதோஸுக்குத் தாய்மாமன். ஐதோஸ் எனக்குச் சொன்னதை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன்.

மெய்ராமுக்கு ஓர் அண்ணன் இருந்தார், துர்சுன் என்று. நல்ல வேட்டைக்காரர். ஊரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. அவர் மனைவி நுரிலா. வீடு, குதிரைகள், மரியாதை எல்லாம் அண்ணன் பக்கம். தம்பி அந்த வீட்டில் சாப்பிட்டார், தூங்கினார், அண்ணிக்குத் தண்ணீர் தூக்கிக் கொடுத்தார். கொடுக்கும்போதெல்லாம் அவள் கையைப் பார்த்தார். ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. பேசித் தொலைத்திருந்தால் துர்சுன் நாலு அறை கொடுத்துத் துரத்தியிருப்பார், கதை முடிந்திருக்கும்.

ஜனவரியில், கல்லும் வெடிக்கிற குளிரில், இரண்டு பேரும் மான் தேடி மலையேறினார்கள். பொழுது சாயும்போது மெய்ராம் மட்டும் திரும்பி வந்தார். அண்ணன் கிழக்கு மேட்டுப் பக்கம் மானைத் துரத்திப் போயிருக்கிறார், இருட்டினால் அங்கே உள்ள வேட்டைக் குடிசையில் தங்கிவிட்டுக் காலையில் வருவார் என்றார். யாரும் சந்தேகப்படவில்லை. துர்சுன் அப்படித் தங்குகிறவர்தான்.

அன்று இரவு நுரிலா அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் தலையைத் தூக்கினாள்.

"தம்பி... யாரோ கூப்பிடற மாதிரி இல்ல?"

மெய்ராம் காது கொடுத்துக் கேட்டார். கேட்டது. தெளிவாகவே கேட்டது.

"நரி மதினி. குளிர் தாங்காம கத்துது. நீங்க படுங்க."

விடியும்போது புதுப்பனி இடுப்பளவு விழுந்திருந்தது. துர்சுன் வரவில்லை. ஊரே திரண்டு தேடியது... கிழக்கு மேட்டில். மெய்ராம் காட்டிய இடத்தில்.

நடந்தது வேறு. அவர்கள் கிழக்கே போகவே இல்லை. வடக்குப் பள்ளத்தாக்கில் இறங்கினார்கள். அங்கே துர்சுன் பாறை இடுக்கில் விழுந்து கால் முறிந்தது. எலும்பு முறிகிற சத்தம் காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி இருந்தது என்று மெய்ராமே பின்னால் ஐதோஸிடம் சொன்னார். தம்பி அண்ணனைத் தூக்கி உட்கார வைத்தார். அண்ணன் காலிலிருந்த சறுக்குக்கட்டைகளை அவிழ்த்தார். அவிழ்த்த கட்டைகளையும் கம்பையும் தன் முதுகில் கட்டிக்கொண்டார்.

துர்சுன் முதலில் சிரித்தார். தம்பி ஏதோ விளையாடுகிறான் என்று நினைத்தார்.

"டேய், கட்டையை வெச்சுட்டுப் போடா."

மெய்ராம் திரும்பிப் பார்க்கவில்லை. மார்பளவு பனியில் சறுக்குக்கட்டை இல்லாத மனுஷன் எங்கே போவான்? வரும் வழியிலேயே அந்தக் கட்டைகளை எரித்தார். எங்கள் கட்டைகளின் அடியில் குதிரைத் தோல் ஒட்டியிருக்கும், முடி பின்பக்கம் பார்த்து. அது எரிந்தால் மயிர் பொசுங்குகிற நாற்றம் சும்மா போகாது. கையில் நாள்கணக்கில் இருந்ததாம்.

சரி. இப்போது அவர் எதற்கு மழை நின்றதும் மண்வாரியோடு போகிறார்?

எங்கள் பக்கத்தில் அண்ணன் செத்தால் அண்ணியைத் தம்பி கட்டிக்கொள்ளலாம், அவளுக்குச் சம்மதம் இருந்தால். ஊர்ப் பெரியவர்கள் நுரிலாவிடம் பேச்சை எடுத்தார்கள். அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். உடம்பைப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் போன தடத்தையாவது பார்க்க வேண்டும், அதுவரை பதில் கிடையாது. மழை நின்று பனி இறங்கியதும் எல்லோரும் மறுபடி தேடப் போவது என்று முடிவானது.

பனியோடு வாழ்கிறவனுக்குத் தெரியும். குளிர்காலத்தில் ஒருவன் போன தடம் அழிவதில்லை. கட்டை அழுத்திய இடம் இறுகிக் கிடக்கும், மேலே புதுப்பனி மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். வசந்த மழை பெய்தால் தளர்ந்த பனியெல்லாம் கரைந்து கீழே போய்விடும். இறுகியது மட்டும் நிற்கும். வயல் வரப்பு மாதிரி மேலே எழுந்து நிற்கும். ஜனவரியில் யார் எந்த வழியாகப் போனார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள்... மார்ச்சில் குருடனும் தடவிப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

ஊர் கிளம்புமுன் அதைத்தான் அழிக்கப் போனார்.

நடக்கவே முடியவில்லை. நனைந்த குதிரைத்தோல் தண்ணீர் குடித்துக் கனத்தது. ஒவ்வொரு அடிக்கும் பனி 'பொதக்' என்று வாங்கி, 'ச்சப்' என்று விட்டது. அடியில் எங்கோ ஓடை ஓடுகிற சத்தம். மரத்திலிருந்து ஈரப்பனி 'தொப்'... 'தொப்' என்று விழுந்தது. மக்கின இலை வாடை.

ஊருக்கு மேலே முதல் வளைவு. அங்கிருந்து பார்த்தால் நுரிலா வீட்டுப் புகைபோக்கி தெரியும். அவ்வளவு பக்கம். அங்கே பனியில் இரண்டு முண்டுகள் எழுந்து நின்றன. சாம்பல் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தார்.

கைகள்.

அழுத்தி ஊன்றிய இரண்டு உள்ளங்கைகளின் தடம். விரல் விரலாக இறுகி, தரைக்கு மேலே எழுந்து நின்றது. அதற்குப் பின்னால் அகலமாக ஒரு வரப்பு, மலைப் பக்கமாக வளைந்து வளைந்து போனது. முழங்கை குத்திய முண்டு, வயிறு இழுத்த பட்டை. பக்கத்திலேயே ஜனவரியில் மெய்ராம் திரும்பி வந்த சறுக்குத் தடம்.

அண்ணன் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டே ஊர்ந்து வந்திருக்கிறார். பள்ளத்தாக்கிலிருந்து வீட்டுப் புகை தெரிகிற இடம் வரைக்கும். அன்று இரவு கூப்பிட்டது இங்கிருந்துதான். அடுப்படியில் உட்கார்ந்து நரி என்று சொன்னாரே... நல்ல நரி.

உடம்பு? அங்கே உடம்பு இல்லை. அந்தக் கைகளோடு தடம் முடிந்துவிட்டது. ஓநாய் இழுத்துப் போயிருக்கும் என்பீர்கள். இழுத்திருந்தால் அதற்கும் தடம் நின்றிருக்குமே.

மெய்ராம் வெறி பிடித்தவர் போல வேலை செய்தார். மண்வாரியால் கைகளை உடைத்தார். இறுகிய பனி கண்ணாடி மாதிரி சில்லு சில்லாகத் தெறித்தது. வரப்பை வெட்டிச் சிதறடித்தார், கட்டையால் ஏறி மிதித்தார். மிதிக்கிற பனிதான் நிலைக்கும் என்று குழந்தைக்கும் தெரியும். பயம் வந்தவனுக்கு அது தெரிவதில்லை. மிதித்துக்கொண்டே மேலேறி, கிழக்குக்கும் வடக்குக்கும் பாதை பிரிகிற இடம் வரை போய்விட்டார். வெளிச்சம் வந்துவிட்டது. இதற்கு மேல் நேரம் இல்லை. கீழே திரும்பினார்.

இறக்கம். எவ்வளவு ஊறிய பனியானாலும் இறக்கத்தில் கட்டை தானாக ஓட வேண்டும். ஓடவில்லை.

நின்றார். கட்டையைத் தூக்கி அடியில் ஒட்டிய பனியைக் கம்பால் சுரண்டினார். சுத்தமாகத்தான் இருந்தது. மறுபடி கிளம்பினார். கனம். இரண்டு காலிலும் ஒரே அளவு கனம். கட்டையின் பின்முனையில்.

பின்னால் ஒரு சத்தம். சர்ர்ர்... சர்ர்ர்... நனைந்த ஆட்டுத்தோல் அங்கி பனியில் உரசுகிற சத்தம். அவர் நின்றால் அதுவும் நின்றது. உடனே அல்ல... கொஞ்சம் கழித்து. அப்புறம் ஒரு வாடை. துர்சுன் உதட்டுக்குள் அடக்கி வைக்கிற அந்தக் காரப் புகையிலை.

மெய்ராம் திரும்பிப் பார்க்கவில்லை. போன தடவையும் பார்க்கவில்லை, பழக்கம்தானே. இழுத்தார். இறக்கத்தில், மலையேறுகிற மாடு மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு, வீடு வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தார்.

வாசலில் தேடப் போகிறவர்கள் குதிரைகளோடு நின்றிருந்தார்கள். நுரிலா அவர்களுக்குப் பால் தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மெய்ராமைப் பார்த்ததும் அவள் கை நின்றது. அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. காலுக்குப் பின்னால் பார்த்தாள். வழி நெடுக இரண்டு சறுக்குத் தடம். நடுவே, ஓர் ஆள் அகலத்துக்கு, இழுபட்ட பள்ளம். அது கட்டையின் முனையில் வந்து நின்றது. ஆட்கள் தேநீர்க் கிண்ணத்தில் மூக்கை விட்டுக்கொண்டிருந்தார்கள். எவனும் பார்க்கவில்லை.

ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"இனிமே தேட வேணாம். வீட்டுக்கு வந்துட்டாரு."

பாவம், துக்கத்தில் பேசுகிறாள் என்று தலையை ஆட்டினார்கள். அந்தச் சேற்றுப் பனியில் ஏற யாருக்கு ஆசை? உள்ளுக்குள் சந்தோஷமாகவே கலைந்தார்கள். சாயங்காலம் மறுபடி மழை பிடித்துக்கொண்டது. வரப்பு, பள்ளம், எல்லாம் கரைந்து ஓடைக்குள் போய்விட்டது.

ஒரு வருஷத் துக்கம் முடிந்ததும் பெரியவர்கள் மறுபடி கேட்டார்கள். நுரிலா யோசிக்கவே இல்லை. சம்மதம் என்றாள். மெய்ராம்தான் வேண்டாம் என்றார். ஊர் விடுமா? ஆசைப்பட்ட வீடு, ஆசைப்பட்ட குதிரைகள், ஆசைப்பட்ட பெண். எல்லாம் வந்து சேர்ந்தது.

ஐதோஸ் அதற்கடுத்த கோடையில் அந்த வீட்டில் தங்கி வேலை செய்தான். மாமா நடக்கும்போது காலைத் தூக்குவதே இல்லையாம். காய்ந்த புல்தரையில்கூட இழுத்து இழுத்து நடப்பார். கிணற்றடிக்குப் போய் வருவதற்குள் சட்டை நனைந்துவிடும். ஒருநாள் தாங்காமல் காவல் நிலையத்துக்கே போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். நுரிலா அவருக்குப் பொரித்த ரொட்டியும் தேநீரும் வைத்தாள். அண்ணன் போன ஏக்கத்தில் இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அதிகாரி மெய்ராமின் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்று ராத்திரிதான் மெய்ராம் ஐதோஸைக் கொட்டிலுக்குக் கூட்டிப் போய் இதையெல்லாம் சொன்னார். அழுதார். என்னை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போய்விடு என்று பையன் கையைப் பிடித்துக் கெஞ்சினார்.

ஐதோஸுக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாள் காலை வரைக்கும்.

காலையில் மெய்ராம் குதிரைகளை ஓட்டிக்கொண்டு கிளம்பினார். நுரிலா வாசல் வரை வந்தாள். கல்யாணம் ஆகியும் அவரை அவள் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். "மெதுவா போ தம்பி" என்றாள். பிறகு பாவாடையை ஒதுக்கிக்கொண்டு அவருடைய குதிகாலுக்குப் பின்னால் தரையில் குனிந்து உட்கார்ந்தாள். அங்கே ஒன்றுமே இல்லை. காய்ந்த மண். அந்த வெறுந்தரையைப் பார்த்து, புருஷனிடம் பேசுகிற குரலில், பிரியமாக, தாழ்ந்து சொன்னாள்.

"நல்லாப் பிடிச்சுக்கோங்க."