மடக்கித் தைத்த அங்கி

— தொடமாட்டேன் தாயி. பெட்டியில போட்டுக் குடுங்க, தலையில வெச்சுச் சுமந்துக்கிட்டுப் போறேன். துணியை மட்டும் தொடச் சொல்லாதீங்க.

— அட, வாளைப் பிடிக்கிற கை துணியைப் பிடிக்க நடுங்குதா? இந்த ரவென்னா அரண்மனைக் கதவை உடைச்சுக்கிட்டு உள்ள வந்தப்ப இந்தப் பயம் எங்கடா போச்சு, வித்திலா?

— கதவு வேற, இது வேற. டான்யூப் ஆத்துக்கு அந்தாண்ட எங்க பக்கத்துல, இந்த ஊதாத் துணியைச் சக்கரவர்த்தியத் தவிர யாரு மேல போட்டாலும் தலை போயிரும்னு சொல்லித்தான் வளத்தாக.

— சட்டம் அப்படித்தான். ஆனா தலையை எடுக்கச் சொல்றதுக்கு ஒரு சக்கரவர்த்தி வேணுமே? அவரைத்தான் உங்க ராஜா வண்டியில ஏத்தித் தெற்க அனுப்பிட்டாரே!

— சின்னப் பய, பாவம். உசுரோட விட்டாரே, அதைச் சொல்லுங்க.

— அதுக்காகவே உங்க ராஜாவை தினம் கும்பிடறேன். கேலி இல்லடா, நெசமாத்தான். அந்தக் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டினவ, உடுத்தி விட்டவ நான்.

— அப்ப வெரசாக் குடுங்க. பொழுது சாயறதுக்குள்ள கப்பல் கிளம்பிரும். மேற்குக்கு இனிமே தனியா ஒரு சக்கரவர்த்தி வேணாம், நீங்களே வெச்சுக்கங்கன்னு கான்ஸ்டான்டினோபிள்ல இருக்கிற கிழக்குச் சக்கரவர்த்திக்குக் குடுத்துவிடச் சொல்லிட்டாரு எங்க ராஜா.

— நல்ல புத்தி. இது இந்த ஊர்ல கிடக்கிற வரைக்கும் எவனாவது ஒரு தளபதி இதைத் தூக்கிக்கிட்டு அந்தக் குழந்தையைத் தேடிப் போவான். மறுபடி போர்த்தி உக்கார வெப்பான். அடுத்தவன் வந்து கழுத்தை அறுப்பான். இது கடல் தாண்டினாத்தான் எனக்குத் தூக்கம். இரு, இந்த மடிப்பை மட்டும் பிரிச்சிடறேன்.

— அனுப்பற துணிக்கு எதுக்கு தாயி அதெல்லாம்?

— பையனுக்காக முழங்கால் உயரத்துக்கு மடக்கித் தைச்சிருக்கேன். இப்படியே போனா அங்க விரிச்சுப் பாத்துட்டு, ரோமாபுரி இவ்வளவு சின்னதாப் போச்சான்னு சிரிப்பாங்க. உர்சினா கையால போற துணி முழுசாத்தான் போகும்.

— ஒரு மடிப்புன்னு பாத்தா, உள்ள இன்னொண்ணு இருக்கே.

— சக்கரவர்த்தி ஆளுக்கு ஒண்ணுடா. இது, மொட்டையடிச்சு பிஷப்பாக்கி அனுப்பினாங்களே, அவர். இது, படுக்கையிலயே போனவர். விஷம்னு பேச்சு. இந்த ஒட்டு கத்திக்குத்து. எத்தனை தடவை அலசியும் கறை போகலை, வெட்டிட்டு ஒட்டுப் போட்டேன்.

— எல்லாருமா குட்டை?

— நெட்டையா நிமிர்ந்து நிக்கிறவனை எவன்டா உக்கார வெப்பான்? தங்களோட தோளுக்குக் கீழ இருக்கிற ஆளாப் பாத்துத்தான் தளபதிங்க கொண்டு வருவாங்க.

— அதுல ஒருத்தருக்காக ரோமாபுரிப் படையில சேந்துதான் எங்க அண்ணன் செத்தான். எதுத்து நின்னதும் ரோமாபுரிப் படைதான் தாயி! எல்லையில நிக்கவேண்டியவனை எல்லாம் உள்ள கூட்டியாந்து ஒருத்தனை ஒருத்தன் வெட்டிக்கிட்டாக. ஆத்தங்கரைக் காவல் கோபுரத்துல ஈ காக்கா இல்லை. எங்க சனம் படகுல பாட்டுப் பாடிக்கிட்டு வந்து இறங்குச்சு.

— வரி வாங்க வந்தவனுக்குப் பயந்து எங்க குடியானவங்களே உங்க பக்கம் ஓடி வந்தாங்களே. அத்தனையும் இந்த ஒரு துணிக்காக. நல்லவன், கெட்டவன், கோழை, வீரன், இதைக் கண்டவன் எவனும் சும்மா இருந்ததில்லை. இந்தா, கடைசித் தையலும் விட்டுச்சு. அந்த நுனியைப் பிடி.

— யாத்தாடி!

— என்னடா?

— தாயி, இது என்ன நிறம்! மேல வெளுத்துக் கிடக்கு, உள்ள இருந்தது... சாய்ச்சாச் சிவக்குது, நிமித்தினாக் கருக்குது. தொட்டா கையில ஒட்டிக்கும்போல இருக்கே!

— கடல் நத்தைச் சாயம். வெயில் படாம மடிப்புக்குள்ளயே கிடந்திருக்கு. என் அம்மா இந்த வேலை பாத்த காலத்துக்கு அப்புறம் யார் கண்ணுலயும் படலை. இவ்வளவு பெரிசாவாடா இருந்துச்சு?

— முழங்கால் தானா மடங்குது தாயி. இதைப் போய் நாங்க ஜெயிச்சோம்னு சொல்லிக்கிட்டுத் திரியறோமே.

— எந்திரி, எந்திரி. ஓரம் சமமா விழுதான்னு பாக்கணும். போட்டுக்கிட்டு நில்லு.

— நானா!

— தரையில விரிச்சு எந்த ஓரத்தையும் பாக்க முடியாது. நிக்கிற உடம்பு வேணும். நான் குள்ளச்சி. இங்க வேற யார் இருக்கா? ஒரே நிமிஷம்டா. உன் தலைக்கு நான் பொறுப்பு.

— கண்ணை மூடிக்கிறேன்.

— மூடிக்கோ. கையை இறக்கு. முதுகை நிமிர்த்து. அடேயப்பா! தரையைத் தொட்டும் தொடாம நிக்குதே. உனக்குன்னே அளவெடுத்த மாதிரி இருக்கு, போ. வலப்பக்கம் ஒரு தையல்... ஆச்சு. கழட்டிக் குடு.

— ம்.

— துறையில கொம்பு ஊதறாங்க. கேக்குதா?

— கேக்குது.

— அப்ப கண்ணைத் திறந்து கழட்டுடா. என்ன அப்படி நிக்கிறே? வித்திலா, அந்தக் குழந்தையை நினைச்சுப் பாரு. உன் அண்ணனை நினைச்சுப் பாரு.

— கப்பலை இது இல்லாமலே போகச் சொல்லு, உர்சினா. அப்புறம், அந்தக் கண்ணாடியை எடுத்துட்டு வா.