என்னை மட்டும் வரையல

இல்லைங்க, உங்களைத்தான் பாக்குறா. திரும்பாதீங்க. திரும்பினா மூஞ்சி மாறிடும், அப்புறம் ரப்பர் எடுத்து அழிச்சுட்டு முதல்லேர்ந்து ஆரம்பிப்பா. அந்தக் கம்பி ஓரமா கயித்தைச் சுருட்டி வச்சிருக்கு பாருங்க, அதுமேல உக்காந்திருக்கா. பாக்காதீங்கன்னு சொல்லிட்டு நானே பாருங்கன்னு சொல்றேன். என் நாத்தனார்தான், எங்க வீட்டுக்காரரோட தங்கச்சி. படம் வரையுறா, வேற ஒண்ணும் இல்ல. பயப்படாதீங்க.

பயமில்லையா? நான் பயந்தேங்க. நல்லாவே பயந்தேன்.

கொஞ்சம் இந்தப் பக்கம் நகந்து உக்காருங்க. படகு திரும்புறப்போ அங்க தண்ணி அடிக்கும். தீவுக்கு சுத்திப் பாக்கவா வந்தீங்க? தனியாவா? இல்ல, ஏன் கேக்குறேன்னா, சுத்திப் பாக்க அங்க என்ன இருக்கு? ஒரே ரோடு. இந்தக் கோடியில யாராவது தும்மினா அந்தக் கோடியில மருந்து எடுத்து வச்சுடுவாங்க. சரி விடுங்க, உங்களை எதுக்கு நான் குடையுறேன். அது என் பழக்கம். எங்க வீட்டுக்காரர் சொல்வார், நீ தையல் மெஷின்ல உக்காந்தது தப்பு, போலீஸ் ஸ்டேஷன்ல உக்காந்திருக்கணும்னு.

ஆமாங்க, தையல்தான். வீட்டு முன் ரூம்ல மெஷின் போட்டிருக்கேன். ஸ்கூல் பிள்ளைங்க யூனிபாரம், ஐஸ் பாக்டரி ஆளுங்க சட்டை, ஜன்னல் திரை, எல்லாம் வரும். அவர் படகு எஞ்சின் ரிப்பேர் பாக்குறார். ரெண்டு பேரும் உண்டு, எங்க வேலை உண்டுன்னு இருந்தோம். அப்பத்தான் இவ வந்து இறங்கினா.

நல்ல மழை. போன் இல்ல, தகவல் இல்ல. ஒரு பெட்டி, ஒரு தோள் பை, தலையில தண்ணி சொட்டச் சொட்ட வாசல்ல நிக்கிறா. புருஷனைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அண்ணே, மாடி ரூம் காலியாத்தானே இருக்குன்னு கேட்டா. அவரு ஆமான்னுட்டு பெட்டியைத் தூக்கிக்கிட்டு மேல போயிட்டார். நான் ஒருத்தி கையில கத்திரிக்கோலோட நிக்கிறேன், என்னையும் ஒரு வார்த்தை கேக்கணும்னு ரெண்டு பேருக்கும் தோணல பாருங்க.

வீடு மாமனார் கட்டினது. யாருக்கும் எழுதி வைக்காமலே போய்ச் சேர்ந்துட்டார். அப்போ பாதி அவளுக்கு வருமா வராதா? வரும்ல? கேட்டா பேசித் தீர்த்துக்கலாம். இவ கேக்கவே இல்ல. சாப்பாடு போட்டா சாப்பிடுறா, தட்டைக் கழுவி வைக்கிறா, மாடிக்குப் போறா. கேக்காம இருக்கிறவங்களைத்தாங்க நான் நம்பவே மாட்டேன்.

அப்புறம்தான் இந்த நோட்டும் பென்சிலும் வெளிய வந்துச்சு. முதல்ல மாடிப்படியை வரைஞ்சா. சரி, படியில உக்காந்தா படியைத்தான் வரைவாங்கன்னு விட்டேன். அடுத்து ஜன்னல். கதவு. கதவுல துருப்பிடிச்ச கீல். தண்ணித் தொட்டி. பின்பக்கச் சுவர்ல ஒரு விரிசல் இருக்கு, அதைக்கூட விடல. விரிசலை யாராவது வரைவாங்களா, நீங்களே சொல்லுங்க. ஒருநாள் பாக்குறேன், கையை நீட்டிப் பென்சிலைப் பிடிச்சு, ஒரு கண்ணை மூடிக்கிட்டு, கட்டை விரலால பென்சில்ல மேலயும் கீழயும் குறிக்கிறா. எனக்குத் தெரியாதா அளவெடுக்கிறது? அதுதானே என் பொழப்பு! வீட்டை அளக்குறா! அன்னைக்கே அவர்கிட்ட சொன்னேன், உங்க தங்கச்சி வக்கீலுக்கு பிளான் போட்டு அனுப்புறான்னு. மனுஷன் விழுந்து விழுந்து சிரிக்கிறார். படம் வரையுறவங்க எல்லாரும் அப்படித்தான்டி பிடிப்பாங்கன்னு சொல்றார். இவருக்கு எப்படித் தெரியும்? அண்ணனும் தங்கச்சியும் பேசி வச்சிருக்காங்களோன்னு அதுக்கும் மேல ஒரு சந்தேகம்.

சிரிங்க, சிரிங்க. அவளுக்கும் சிரிச்ச மூஞ்சின்னா வரைய நல்லா இருக்கும்.

இது இவ ஒருத்தியோட போகல. மருந்துக்கடை அம்மா இருக்காங்க, தைரியமான பொம்பளை, அவங்க ஒருநாள் மாத்திரைக் கவர் பின்னால பூனை வரைஞ்சு இவகிட்ட காட்டினாங்க. அப்புறம் இதே படகுல டிக்கெட் கிழிக்கிறாரே, இன்னைக்கு லீவு அவருக்கு, அவரு. ஐஸ் பாக்டரி மேனேஜர். எல்லாரும் ஞாயித்துக்கிழமை காலையில மீன் ஏலம் விடுற கொட்டகையில கூடிடுவாங்க. அன்னைக்கு ஏலம் கிடையாது, காலியா கிடக்கும். ஆளுக்கு ஒரு பெட்டியைக் கவுத்துப் போட்டு உக்காந்து வரைவாங்க. கடல் காத்துல பேப்பர் நமுத்துப் போகும், பென்சில் வழுக்கும், ஆனாலும் விட மாட்டாங்க. பேப்பர் தீந்தா படகு வந்தாத்தான் உண்டு. ஒருதடவை நான் துணி வெட்ட வச்சிருந்த காக்கிப் பேப்பரை மொத்தமா உருவிட்டுப் போயிட்டா. கேட்டா, அண்ணி, இதுல கரிக்கோடு எவ்வளவு அழகா பிடிக்குது தெரியுமாங்கிறா. மேனேஜரோட பேன்ட்டை எதை வச்சு வெட்டுறது நான்?

வரைஞ்சு முடிச்சதும் கொட்டகையில ஒரு கொடி கட்டி, துணி மாட்டுற கிளிப்பைப் போட்டு எல்லாத்தையும் தொங்க விடுவாங்க. ஊரே போய்ப் பாக்கும். தன்னைத் தேடிக் கண்டுபிடிக்கிறதுல எல்லாருக்கும் அவ்வளவு ஆசை. இது நான், அது நீன்னு ஒரே சத்தம். சண்டை போட்டுக்கிட்டவங்ககூடப் பக்கத்துல பக்கத்துல தொங்குவாங்க.

நானும் போனேன். ஒளிஞ்சு எல்லாம் இல்ல, காய் வாங்கப் போற மாதிரி போனேன். இவ வரைஞ்சதை மட்டும் பாத்துக்கிட்டே வந்தேன். மருந்துக்கடை அம்மா இருக்காங்க. டிக்கெட்காரர் இருக்கார். எங்க வீட்டுக்காரர் வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்குறார், அப்படியே உரிச்சு வச்ச மாதிரி. மூணு கால் நாய்கூட இருக்கு. நான் இல்ல. அடுத்த வாரம் போனேன், இல்ல. அதுக்கும் அடுத்த வாரம் என் தையல் மெஷின் தொங்குது. சக்கரம், ஊசி, நூல் கண்டு, நான் உக்கார்ற ஸ்டூல், ஸ்டூல்மேல மடிச்சுப் போட்ட துணி, எல்லாம் அப்படியே இருக்கு. நான் இல்ல. ஸ்டூல் காலியா கிடக்கு.

உங்களுக்கு எப்படி இருக்குமோ தெரியல. எனக்கு அங்கேயே புரிஞ்சுபோச்சு. அந்த வீட்ல நான் இல்லாம இருந்தா எப்படி இருக்கும்னு வரைஞ்சு பாத்திருக்கா! கிட்டப் போய்ப் பாத்தா ஸ்டூலுக்கு மேல அழுக்கா ஒரு தடம், ரப்பர் போட்டுத் தேய்ச்சது. வரைஞ்சு அழிச்சிருக்கா என்னை.

அதைவிட ஒண்ணு சொல்லவா? வரைய மாட்டாளே தவிர, பாத்துக்கிட்டே இருப்பா. அப்படிப் பாப்பா. நான் ஊசியில நூல் கோக்குறப்போ, தண்ணி குடிக்கிறப்போ, பேசுறப்போ, சோறு அள்ளி வாயில வைக்கிறப்போ, உத்து உத்துப் பாப்பா. நான் நிமிந்தா பார்வையைத் திருப்பிக்குவா. ஒரு மனுஷி நம்மளை அப்படிப் பாத்தா என்னன்னு நினைப்பீங்க? நான் எப்பச் சாவேன்னு பாக்குறான்னுதான் நினைச்சேன். சத்தியமா அப்படித்தான் நினைச்சேன். அவ போட்டுக் கொடுக்கிற டீயைக்கூட ஜன்னல் வழியா ஊத்திட்டேன் ரெண்டு தடவை.

அன்னைக்கு ஞாயித்துக்கிழமை, கொட்டகை நிறைய ஜனம். நேரா போய் அவ முன்னாடி நின்னேன். ஏம்மா, இந்த ஊர்ல நாய்க்கு இடம் இருக்கு, விரிசலுக்கு இடம் இருக்கு, எனக்கு இல்லையான்னு கேட்டேன். உனக்கு வீடு வேணும்னா வாயைத் திறந்து கேளு, என்னை எதுக்கு அழிக்கிறேன்னு கேட்டேன். கத்திட்டேன். மேனேஜர் பென்சிலைக் கீழ போட்டுட்டார். இவ எழுந்திருச்சா, வெள்ளைத்தாள் மாதிரி ஆயிடுச்சு மூஞ்சி. அண்ணி, வாங்க, வீட்டுக்குப் போற வழியில சொல்றேன்னா. இங்கயே சொல்லுன்னேன். எல்லாரும் கேக்கட்டும்னேன்.

ரொம்ப மெதுவாச் சொன்னா. உங்களை நிறைய வரைஞ்சேன் அண்ணி, சரியா வரவே மாட்டேங்குது. கழுத்துகிட்ட வந்ததும் தப்பாப் போகுது, ரெண்டு பக்கமும் ஒண்ணா அமையல. என் கைதான் கோணல்னு நினைச்சு அழிச்சேன். திரும்பவும் அதே இடத்துல வந்துச்சு. திரும்பவும் அழிச்சேன். அப்புறம்தான் நீங்க முழுங்குறப்போ பாக்க ஆரம்பிச்சேன். இடது பக்கம் ஏதோ ஒண்ணு ஏறி இறங்குது அண்ணி. மழை நேரத்துல நான் வந்தப்போ அது இல்ல.

எனக்கு என்ன கேட்டுச்சு தெரியுமா? நீ கோணல், நீ அசிங்கம்னு ஊர் முன்னாடி சொல்றா, அதுதான் கேட்டுச்சு. அங்கேர்ந்து விறுவிறுன்னு வந்துட்டேன். அவகூடப் பேச்சை நிறுத்திட்டேன். தட்டை வச்சுட்டுத் திரும்பிடுவேன். கழுத்துல ஒண்ணும் இல்லைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நான் போடுற சட்டையோட கழுத்துப் பட்டன் ரொம்ப நாளா போட முடியலைங்க. துவைச்சுத் துவைச்சுத் துணி சுருங்கிடுச்சுன்னு பட்டனைத் தள்ளி வச்சுத் தைச்சுக்கிட்டேன். ஊர்ல அத்தனை பேர் கழுத்துக்கும் டேப் போடுறவ நான். என் கழுத்துக்குப் போட்டுப் பாக்கணும்னு தோணல.

இவ விடல. மருந்துக்கடை அம்மாகிட்ட போய்ச் சொல்லியிருக்கா. அவங்க திரை ஓரம் மடிச்சுத் தைக்கணும்னு ஒரு துணியைத் தூக்கிட்டு வந்தாங்க. அவங்க கடையில ஜன்னலே கிடையாது! அப்பவே எனக்கு சந்தேகம், ஆனா வாயைத் திறக்குறதுக்குள்ள கழுத்துல கையை வச்சுட்டாங்க. முழுங்குன்னாங்க. முழுங்கினேன். இன்னொரு தடவைன்னாங்க. அப்புறம் துணியை அங்கேயே போட்டுட்டு, அடுத்த படகுல டவுன் ஆஸ்பத்திரிக்குப் போ, நான் போன் பண்ணிச் சொல்லி வைக்கிறேன்னாங்க.

போனேன். இவதான் கூட வந்தா. படகுல பேசல நான், அந்தக் கோடியில போய் உக்காந்துக்கிட்டேன். இவ இந்தக் கோடியில. டாக்டர் கட்டியில ஊசி போட்டுக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, பாத்து, கெட்ட கட்டிதான்னு சொன்னப்போ என் கையை யார் பிடிச்சான்னு நினைக்கிறீங்க? சீக்கிரமா வந்துட்டீங்க, எடுத்துட்டாப் பொழைச்சுக்கலாம்னார் டாக்டர். யார் கண்டுபிடிச்சதுன்னு கேட்டார். இவளைக் காட்டினேன். நர்ஸான்னு கேட்டார். இல்ல, என் நாத்தனார்னு சொன்னேன். வேற என்ன சொல்றது?

திரும்பி வர்றப்போ பக்கத்துலதான் உக்காந்தேன். அதுக்காக உடனே கட்டிப்பிடிச்சு அழுதோம்னு நினைச்சுடாதீங்க. நேராவே கேட்டேன், வீட்ல உனக்கு என்ன வேணும், உள்ளதைச் சொல்லுன்னு. மாடி ஜன்னல்கிட்ட ஒரு மேசை போட்டுக்கட்டுமா அண்ணின்னா. அவ்வளவுதானான்னேன். அவ்வளவுதான்னா. அவ புருஷன் இவ வரைஞ்சதை எல்லாம் தொட்டித் தண்ணியில முக்கி எடுத்துக் கிழிச்சிருக்கான், ஒண்ணு விடாம. அதை அன்னைக்குத்தான் சொன்னா. அதுவும் நான் கேட்டதால. மேசை நானே வாங்கிப் போட்டேன். பின்னால ஒருநாள் பாதி வீட்டைக் கேப்பாளோ என்னவோ, அதை இப்பவும் என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. கேட்டா கேக்கட்டும். அவ வீடும்தானே.

எங்க வீட்டுக்காரரா? வரலைங்க. ஆஸ்பத்திரி வாசல்ல கால் வச்சாலே மனுஷனுக்குத் தலை சுத்தும். நாளைக்குக் காலையில படகுல வந்துடுறேன்னு சொல்லியிருக்கார்.

நாளைக்குத்தாங்க ஆபரேஷன். உயிருக்கு ஒண்ணும் இல்லையாம், அதை மூணு தடவை கேட்டு உறுதி பண்ணிக்கிட்டேன். கட்டி குரல் நரம்போட ஒட்டிக்கிட்டு இருக்காம். பாத்துத்தான் எடுப்போம், ஆனா நரம்பையும் சேத்து எடுக்க வேண்டி வந்தா வரலாம்னார் டாக்டர். அப்படி ஆச்சுன்னா இந்தக் குரல் இருக்காது. காத்து மாதிரி ஏதோ வருமாம், பக்கத்துல குனிஞ்சு கேட்டாக் கேக்குமாம். அதான் படகு ஏறினதுலேர்ந்து உங்களை இந்தப் பாடு படுத்துறேன். முன்னப்பின்ன தெரியாதவங்கன்னா சலிச்சுக்க மாட்டாங்கல்ல.

ஐயோ, நீங்க ஏன் கண்ணைத் துடைக்கிறீங்க? அவ வரையுறா, கையை எடுங்க. கரை வர இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு. நீங்க பேசுங்க இப்ப. எதையாவது பேசுங்க. குறுக்க பேசாம கேட்டுக்கிட்டு இருக்கிறது எப்படின்னு நானும் கொஞ்சம் பழகிப் பாக்குறேன்.