ஏழாம் இடத்து முயல்

— கோச்சுக்காதீங்கண்ணே, மறுபடியும் கேக்கறேன். ஏழாம் நம்பர் கவரை எங்க எடுத்தீங்க?

— இங்கதான் மேடம், பள்ளக்கொட்டாய்ல. நீங்களே வந்து குச்சி நட்டுக் காட்டுன இடம். ஏன், முயல் புழுக்கையில நான் கலப்படம் பண்ணிட்டேனா?

— சிரிக்காதீங்க சென்றாயண்ணே. காலேஜ் லேப்ல மூணு தடவை போட்டுப் பாத்துட்டேன். அதான் போன்ல சொல்லாம பஸ் ஏறி நேர்ல வந்தேன்.

— என்னாச்சு?

— தொப்பூர் ரோட்டுல பழைய பேட்டரியை உடைச்சு ஈயம் உருக்குன ஷெட்டு இருந்துச்சே, ரெண்டு வருஷம் முன்னாடி சீல் வெச்சாங்களே, அதைச் சுத்தி ஆறு இடத்துல எடுத்தோம்ல? அங்க முயலுங்க வயித்துல ஈயம் குறைஞ்சுக்கிட்டே வருது.

— நல்ல சேதிதானுங்களே.

— ஏழாவது, சுத்தமான இடம்னு ஒப்பிட்டுப் பாக்க எடுத்தது. ஷெட்டுக்கும் உங்க ஊருக்கும் நாலு கிலோமீட்டர். ஆனா இங்கதான் எல்லாத்தையும் விட அதிகம். எட்டு மடங்கு.

— அங்க மேஞ்ச முயல் இந்தப் பக்கம் ஓடியாந்திருக்கும்.

— அவ்வளவு தூரம் அது வராதுண்ணே. இருக்கற புதரைச் சுத்தித்தான் மேயும். அதனாலதான் இந்த ஆராய்ச்சிக்கு முயலை எடுத்துக்கிட்டேன். அது மேயற மண்ணுல என்ன இருக்குதோ அதுதான் அதோட புழுக்கையில வரும். காத்துல வந்து இவ்வளவு ஈயம் சேராது. யாரோ கொண்டாந்து கொட்டியிருக்காங்க. ஏண்ணே, உக்காந்துட்டீங்க?

— கருப்பா இருக்குமுங்களா? வெயில்ல மினுக்கிக்கிட்டு?

— ஆமா. உருக்குனதுக்கு அப்புறம் மிஞ்சற கசடு. எங்க பாத்தீங்க?

— அங்கன்வாடியில.

— அங்கன்வாடியிலயா?

— மழை வந்தா முன்னால முழங்கால் தண்ணி நிக்கும் மேடம். என் சம்சாரம்தான் அங்க டீச்சரு, தினம் பொலம்புவா. ஷெட்டை மூடறப்ப மண்ணு சும்மா எடுத்துக்கோன்னாங்க. என் டிராக்டர்லதான் பதினோரு நடை அடிச்சேன். மேடாக்கி, மேல ரெண்டு கூடை செம்மண்ணு தூவினேன். வேலியோரம் புல்லு மொளைச்சுது. நீங்க குச்சி நட்ட புதருல இருந்து விடியறப்ப முயல் வரும்.

— அல்லா. எத்தனை புள்ளைங்க அங்க?

— பாஞ்சாலி, இங்க வா.

— டீ கொதிக்குது, இருங்க. என்னம்மா அஃப்சானா, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்குது?

— பாஞ்சாலிக்கா, உங்க அங்கன்வாடி புள்ளைங்க நல்லா இருக்காங்களா?

— எங்க நல்லா இருக்குதுங்க. இருவத்திரெண்டுல பாதிக்கு வயித்து வலி. வெச்ச சோறு அப்படியே இருக்குது. பூச்சி மாத்திரை குடுத்துப் பாத்தாச்சு. மாதப்பன் பேரன் மழலை பேசிக்கிட்டு இருந்தவன், ஆறு மாசமா வாயே தொறக்கறதில்ல. அவங்கம்மா கோயில் கோயிலா தூக்கிட்டுத் திரியறா. ஏன் கேக்கறே?

— வாசல்ல கொட்டுன மண்ணுல ஈயம் இருக்குதுக்கா. புள்ளைங்க அதுல விளையாடி, கையை வாயில வெச்சா உள்ள போயிடும். மூளையைத்தான் மொதல்ல புடிக்கும்.

— நானே அந்த மண்ணுல உக்கார வெச்சு அ, ஆ எழுத வெச்சேனே.

— அக்கா, கேளுங்க. இன்னிக்கே கேட்டைப் பூட்டிடுங்க. நாளைக்கு அத்தனை பேரையும் தருமபுரி மெடிக்கல் காலேஜுக்கு கூட்டிட்டுப் போலாம். ரத்தத்துல எவ்வளவு இருக்குன்னு பாக்கச் சொல்லுவோம். நானும் கூட இருக்கேன். கலெக்டர் ஆபீசுக்கு இந்த ரிப்போர்ட்டையும் குடுத்துடறேன்.

— பூட்டறேன். மாதப்பன் வூட்டுல நான் என்னான்னு சொல்லுவேன்?

— நான் வந்து சொல்றேங்க்கா.

— வேணாம், நானே சொல்றேன். ஏங்க, நீங்க அழுவாதீங்க. நான் நச்சரிச்சதாலதானே கொட்டுனீங்க. மண்ணுன்னு நெனைச்சு கொட்டுனீங்க. தெரிஞ்சா செஞ்சீங்க?

— பாஞ்சாலி.

— சொல்லுங்க.

— லோடு ஏத்தறப்ப அந்த ஷெட்டு வாட்ச்மேன் ஒண்ணு சொன்னான். இந்த மண்ணுகிட்ட ஆட்டை விடாதே, செத்துப்போயிடும்னு. அன்னியில இருந்து நம்ம ஆட்டைக் கட்டிப் போட்டுத்தான் வளக்கறேன்.