அக்டோபர் மாதத்து முப்பது மீன்கள்

தாய் மீன் கையில் சிக்கியதும் முதலில் அதன் வாயை விரலால் மூட வேண்டும், ஐயா. எங்கள் கரிபா ஏரித் திலேப்பியா முட்டைகளை வாயில் வைத்துத்தான் அடைகாக்கும். பயந்தால் துப்பிவிடும். துப்பிய பிறகு எதை எண்ணுவது?

ஆய்வு நிலையத்தில் என் வேலையே இதுதான். மாதம் தவறாமல் முப்பது பெட்டை மீன்கள். வயிற்றைக் கீறி, சினைப்பையை எடுத்து நிறுத்து, எந்த மாதத்தில் முற்றுகிறது என்று குறித்துக்கொள்வேன். இப்படி இருபத்துமூன்று மாதங்கள். இருபத்துநான்காவதான இந்த அக்டோபர்தான் கடைசி. டிசம்பரில் மீன்பிடிக்கத் தடை போடுகிறார்கள். மீனோ செப்டம்பரிலேயே சினை கட்டிவிடுகிறது. அதை நிரூபித்துவிட்டால் தடையை முன்னால் கொண்டுவரலாம், ஏரியில் மீன் மிஞ்சும். நான் கெட்ட எண்ணத்தோடு எதையும் தொடங்கவில்லை.

எனக்கு வலை போட்டவன் ஹமூங்கா. அவன் ஆட்டுக் குலம், நான் கழுதைப்புலிக் குலம். எங்கள் டோங்கா ஜனங்களில் இந்த இரண்டு குலத்தாரும் ஒருவரையொருவர் எவ்வளவு கேவலமாகவும் பேசலாம், கோபித்துக்கொள்வதுதான் தப்பு. சாவு வீட்டில்கூடச் செத்தவனைக் கிண்டலடித்து, அழுகிறவர்களைச் சிரிக்க வைப்பது எதிர்க்குலத்தானின் கடமை. உங்களுக்குத் தெரியாததல்ல.

அன்று காலையிலேயே ஆரம்பித்துவிட்டான். "ஏண்டா கழுதைப்புலி, எப்பப் பாத்தாலும் பொட்ட மீனு வயித்தையே கிளறிக்கிட்டு இருக்கியே, வெக்கமா இல்ல?"

"வலைய இழுடா, ஆட்டுப் புழுக்கை. ஒன்ன யாரு இன்னிக்கு அவுத்துவிட்டது?" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தான். அவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

முப்பதாவது மீன் கிடைத்தபோது உச்சி வெயில். மழைக்கு முந்தின வெக்கையில் காற்று சொல்லிக்கொண்டா வரும்? ஓர் அலை அவனைத் தூக்கி வெளியே போட்டது. படகில் பாதிக்குத் தண்ணீர். விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "பெட்டியத் தூக்கிப் போட்டுட்டு என்ன ஏத்துடா" என்றான்.

அவன் சொன்னது சரிதான். ஐஸும் மீனும் அடைத்த பெட்டி, இல்லாவிட்டால் அவன். படகு இரண்டையும் தாங்காது. நான் பெட்டியைப் பார்த்தேன். அடுத்த வாரம் பிடித்தால் அது நவம்பர் மீன். அக்டோபர் திரும்பி வர ஒரு வருடம் ஆகும்.

அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். அடிக்கவில்லை, ஐயா. "வெளயாடாதடா கழுதைப்புலி" என்றான். கடைசி விரல் வரைக்கும் கிண்டல் என்றே நினைத்திருப்பான் போலிருக்கிறது, அவன் முகத்தில் சிரிப்பு இருந்தது.

கரைக்கு வந்ததும் முதலில் மீன்களை அறுத்தேன். சினைப்பை சீக்கிரம் கெட்டுவிடும். இருபத்தாறு நன்றாக முற்றியிருந்தன. பிறகுதான் அவன் வீட்டுக்குப் போய், படகு கவிழ்ந்துவிட்டது என்று சொன்னேன்.

சாவு வீட்டில் எல்லோரும் என்னைத்தான் முன்னால் தள்ளினார்கள். அவன் மனைவி சோல்வே சுருண்டு கிடந்தாள். நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன். "ஏ ஆடே, ஒன்னவிட முப்பது மீனு ஒசத்தின்னு தோணுச்சு. ஒன் வெரல ஒண்ணொண்ணா எடுத்துவிட்டுட்டு, மீன ஏத்திக்கிட்டு வந்துட்டேன்!"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. சோல்வேகூடக் கண்ணீரோடு சிரித்தாள். "பாவி அண்ணே, இன்னிக்குமா என்னச் சிரிக்க வெப்ப?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கவிழ்ந்த படகிலிருந்து முப்பது மீன் எப்படிக் கரைக்கு வந்தது என்று என் பதிவேட்டைப் பார்த்துக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். கெட்டிக்காரர். அந்தப் பக்கத்தைக் கிழித்திருந்தால் நீங்கள் வந்திருக்கவே மாட்டீர்கள். ஆனால் கிழித்தால் அக்டோபர் போய்விடுமே.

கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மறைத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். ஊரே கூடியிருந்த இடத்தில் வாய் திறந்து சொன்னவன் நான். அதைக் கேட்ட பிறகுதானே சோல்வே என் கையைப் பிடித்தாள்? அவளே மன்னித்துவிட்டாள், ஐயா.