றோலர் வண்டியின் பலகைக் கதவு

புஸ்பம்: இழுங்க... இன்னும் கொஞ்சம் இழுங்க!

கோணாமலை: இழுக்கிறன் புள்ள. மழையில பலகை ஊறிப் பருத்திட்டு. நீ உள்ளுக்க இருந்து தள்ளு.

புஸ்பம்: தள்ளுறன். அசையுதில்ல.

சாமித்தம்பி: அக்கோய்! பொட்டலம் எடுக்க உள்ள போனவ, இவ்வளவு நேரமா? செட்டிபாளையம் போக இதான் கடைசி பஸ்!

கோணாமலை: சாமித்தம்பி, நீ றோட்டிலயே நில்லு! பஸ் வந்தா மறி!

சாமித்தம்பி: ஏன் அத்தான், செங்கலடி றோட்டு முழுக்கக் கல் அமத்துற றோலர் ஓட்டுறீங்க... அதுக்குப் பின்னால கட்டி இழுக்கிற வண்டியில, நீங்க படுக்கிற வண்டியில, ஒரு கதவத் திறக்க ஏலாதா?

கோணாமலை: பகிடிய விடுடா.

சாமித்தம்பி: அலவாங்கோட வரட்டா? ஒரு நெம்பு நெம்பினா...

கோணாமலை: வராத! அரசாங்கச் சாமான். உடைஞ்சா ஓவசியர் என்ன வீட்டுக்கு அனுப்பிருவார்.

புஸ்பம்: அனுப்பினா நல்லதுதானே...

கோணாமலை: என்ன சொன்ன?

புஸ்பம்: ஒண்டுமில்ல. இஞ்சேருங்க... நாளைக்கு றோலர் எந்தப் பக்கம்?

கோணாமலை: பதுளை றோட்டால மேல. விடிய வெள்ளென வெளிக்கிடணும்.

புஸ்பம்: திரும்பி எப்ப?

கோணாமலை: வெள்ளாமை வெட்டுக்கும் வரக் கிடைக்காது போல... மூக்க உறிஞ்சுற சத்தம் கேக்குது, அழுறியா புள்ள?

புஸ்பம்: ஆர் அழுற? அடுப்புப் புகை.

கோணாமலை: அடுப்பு இன்னும் மூட்டல்லயே.

புஸ்பம்: வாய மூடிக்கிட்டுக் கதவ இழுங்க.

கோணாமலை: இழுக்கிறன், இழுக்கிறன்... உள்ளுக்க வெக்கையா இருக்கா? கோழிக்கூடு மாதிரி வண்டி.

புஸ்பம்: எனக்குப் பிடிச்சிருக்கு. கதவு இருக்கே. கலியாணம் முடிச்ச நாள் தொட்டு நம்மளுக்கெண்டு ஒரு கதவு இருந்ததா? அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் தம்பிமார், நடுவுல ஒரு சீல. இருமினாலும் நாலு பேர் "என்ன?" எண்டு கேக்கிற.

கோணாமலை: பொண்டாட்டி வீட்டுல வந்து இருக்கிறவன் நான். கதவு போட்டுத் தாங்க எண்டு மாமிட்ட எந்த வாயால கேக்கிற?

புஸ்பம்: நீங்க இல்லாத நேரம் அந்தச் சீலையப் பாத்தாலே எனக்கு நெஞ்சு அடைக்குது.

கோணாமலை: எனக்கு மட்டும் என்ன புள்ள... ஒவ்வொரு நாளும் இந்தக் கதவப் பூட்டிப்போட்டு, ஆருக்காகப் பூட்டுறன் எண்டு யோசிக்கிற.

சாமித்தம்பி: பஸ் வந்திட்டு! அக்கோய்!

கோணாமலை: அசையல்லடா!

சாமித்தம்பி: கொண்டக்டர் ஏசுறான்! நான் போகட்டா, நிக்கட்டா?

புஸ்பம்: நீ போ தம்பி! கதவு இறுகிட்டெண்டு அம்மாட்ட சொல்லு!

சாமித்தம்பி: காலையில முதல் பஸ்ஸில வந்திரணும், சொல்லிட்டன்!

புஸ்பம்: ...போயிட்டானா?

கோணாமலை: ஓம். பஸ் வளைவால திரும்பிட்டு.

புஸ்பம்: ஏசக்கூடா, என்ன... உள்தாழ்ப்பாள நான்தான் போட்டு வெச்சிருந்தன். இப்ப கழட்டிட்டன். இழுங்க.

கோணாமலை: பொறு புள்ள... வெளிக் கொளுக்கிய நான் இன்னும் கழட்டல்ல.